கிளென்கொலம்கில்: சாமியார் நிறுத்திய ஊரா, தானே நின்ற ஊரா?

மேற்குத்திசை (டப்ளின்) எழுதியது:

அயர்லாந்தின் டொனிகால் கவுண்டி, அதன் தென்மேற்கு மூலை. கில்லிபெக்ஸ் மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி, கில்கார், கேரிக் என்ற இரண்டு சிற்றூர்களையும் தாண்டினால், சாலை டர்ஃப் (அடுப்பெரிக்கும் சதுப்பு மண்கட்டி) வெட்டும் சதுப்பு நிலத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும். இறங்குகிற பள்ளத்தாக்குதான் கிளென்கொலம்கில். அதற்கப்புறம் அட்லாண்டிக் கடல்தான். ஐரிஷ் மொழி இன்னும் புழங்கும் கேல்டாக்ட் பகுதி. கடைத்தெரு, கோவில், இரண்டு மூன்று பப் எல்லாம் இருக்கும் நடு இடத்துக்குக் கேஷெல் என்று தனிப்பெயர். மற்ற வீடுகள் ஒன்றுக்கொன்று எட்ட எட்டச் சரிவு முழுக்கச் சிதறிக் கிடக்கும்.

1951இல் இந்த ஊருக்கு ஒரு துணைப் பங்குத்தந்தை (பங்கு என்றால் ஒரு கத்தோலிக்கக் கோவிலுக்கு உட்பட்ட வட்டாரம், அதன் உதவிச் சாமியார்) வந்து சேர்ந்தார். ஜேம்ஸ் மக்டயர், 1910இல் அதே டொனிகாலில் பிறந்தவர். போர்க்காலத்தில் இங்கிலாந்தில் வேலை பார்த்தார், அப்புறம் டோரி தீவில் சில வருடம். அவர் வந்தபோது மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, தார்ச்சாலை இல்லை, மருந்தகம் இல்லை, தொழில் இல்லை. இந்த ஐந்தையும் ஊரின் ஐந்து சாபங்கள் என்று அவர் சொல்லி வந்தார். இளவட்டங்கள் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு பொறுக்கப் போவார்கள், பலர் அப்படியே கிளாஸ்கோவிலோ லண்டனிலோ தங்கிவிடுவார்கள். பூசைக்கு வருகிறவர்களின் தலை வருடா வருடம் நரைத்துக்கொண்டே போனது.

அவர் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. முதலில் ஊர்மக்களை வைத்தே ஒரு சமூகக் கூடம் கட்டினார். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் சாலைக்கும் அதிகாரிகளை விடாமல் நச்சரித்தார். நெசவு, பின்னல் வேலை வந்தது. 1960களின் தொடக்கத்தில், அப்போது அரசு நிறுவனமாக இருந்த ஐரிஷ் சர்க்கரை கம்பெனியின் துணையோடு காய்கறி பதப்படுத்தும் கூட்டுறவு ஆலை வந்தது. 1967இல் மூன்றே மாதத்தில் ஊரார் சேர்ந்து ஒரு நாட்டுப்புறக் கிராம அருங்காட்சியகம் எழுப்பினார்கள். கூரை வேய்ந்த குடிசைகள், ஒவ்வொன்றும் ஒரு நூற்றாண்டின் வீடு. பிறகு சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக் குடில்கள். எல்லோருடைய நிலத்தையும் ஒன்றாக்கிக் கூட்டாக விவசாயம் செய்யலாம் என்றுகூடச் சொன்னார். அது நடக்கவில்லை. "கம்யூனிஸ்ட் சாமியார்" என்ற பெயர் மட்டும் கிடைத்தது.

1987இல் இறந்தார். அவர் தொடங்கிய ஆலைகளில் பெரும்பாலானவை அவர் நினைத்த உருவத்தில் இன்று இல்லை. அதனால் அவர் தோற்றுவிட்டார் என்று ஒரு கட்சி. அவர் இல்லாவிட்டால் இன்று ஊரே இருந்திருக்காது என்று இன்னொரு கட்சி. இரண்டும் முழுதாகச் சரியில்லை என்பது என் எண்ணம். வெளியிலிருந்து முதலும் சந்தையும் தேவைப்பட்ட காரியங்கள் போய்விட்டன. ஊர்க்காரர்கள் தாங்களே சாவி வைத்துத் திறந்து மூடக்கூடிய காரியங்கள் நின்றுவிட்டன. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? போய்ப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

*

கணக்குப்பிள்ளை (கார்க்) எழுதியது:

நல்ல இழை. ஆனால் ஒரு மனிதரைத் தூக்கி வைத்துவிட்டால் பின்னணி மறைந்துவிடும், அதனால் கொஞ்சம் எண்கள்.

1951 முதல் 1961 வரை அயர்லாந்துக் குடியரசை விட்டுப் போனவர்கள் சுமார் நான்கு லட்சம் பேர். 1961 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகை 28 லட்சம், எந்தக் கணக்கெடுப்பிலும் நாடு அதற்குக் கீழே போனதில்லை. ஆக மக்டயர் வந்த பத்தாண்டுதான் இந்த நாட்டின் மிக மோசமான பத்தாண்டு. 1958க்குப் பிறகு அரசின் பொருளாதாரக் கொள்கை மாறியது, வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவைத் திறந்தார்கள். 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தார்கள், விவசாய மானியம் வரத் தொடங்கியது. மக்கள்தொகை மேலே ஏறியது. 2022இல் 51 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இந்த அலை எல்லா ஊரையும் கொஞ்சம் தூக்கிவிட்டது, கிளென்கொலம்கில்லையும் சேர்த்து. மானியக் காசோலை தபாலில் வந்ததால் எத்தனை பேர் நின்றார்கள், சாமியாரின் காய்கறி ஆலையால் எத்தனை பேர் நின்றார்கள் என்று பிரித்துக் காட்ட முடிந்தால் நான் ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. மேற்குக் கடற்கரையின் அமில மண்ணில், அந்தக் காற்றில், சந்தைக்கு அத்தனை தூரத்தில் காய்கறி போட்டு ஆலை நடத்துவது முதல் நாளே கணக்குக்கு உதைக்கிற யோசனை. ஆசை நல்ல ஆசைதான். லாரி வாடகை ஆசையைப் பார்க்காது.

*

செவிலி அக்கா (லெட்டர்கென்னி) எழுதியது:

தம்பிகளா, ஆலையும் மானியமும் பேசுகிறீர்கள், சரி. தண்ணீர் யார் தூக்கினார்கள் என்று யாராவது கேட்டீர்களா?

நான் டொனிகாலில்தான் வேலை பார்க்கிறேன். இங்கே எண்பது வயதைத் தாண்டிய அம்மாக்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது கிணறும் வாளியும்தான். மழை கொட்டுகிற நாட்டில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? வானத்துத் தண்ணீர் கூரையில் விழும், வீட்டுக்குள் குழாயில் வராது. துணி துவைக்கும் நாள் என்றாலே ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

கிராமத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் திட்டம் 1946இல் தொடங்கியது. வீடு வீடாகப் போய்ச் சம்மதம் வாங்கினார்கள். போதுமான வீடுகள் கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பகுதிக்குக் கம்பம் வரும். செலவைப் பார்த்துப் பலர் பயந்தார்கள், கூரை தீப்பிடிக்கும் என்றும் பயந்தார்கள். பல ஊர்களில் பங்குச்சாமி சொன்ன பிறகுதான் கையெழுத்து விழுந்தது. அந்தக் காலத்து வீடுகளில் திரு இருதயப் படத்துக்குக் கீழே சின்னதாகச் சிவப்பு விளக்கு எரியும், பார்த்திருப்பீர்கள். முன்பு அது எண்ணெய் விளக்கு. "வேறு எதற்கும் வேண்டாம், அந்த விளக்குக்கு மட்டும் கரண்ட் போதும்" என்று சேர்ந்த வீடுகள்கூட உண்டாம்.

தண்ணீர்க் கதை இன்னும் மோசம். 1960களில் குழாய்த் தண்ணீருக்காகக் கிளம்பியது ஐரிஷ் கிராமப் பெண்கள் சங்கம். எதிர்த்தது விவசாயிகள் சங்கம்! வரி ஏறும் என்று பயம். மாட்டுத் தொழுவத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் ஆண்களுக்குப் புரிந்திருக்கும், அடுப்படிக்கு என்றால் புரியவில்லை.

பெண்கள் ஊரை விட்டுப் போனதற்கு வேலை இல்லாதது மட்டும் காரணம் இல்லை. லண்டனில் ஒரு சின்ன அறையில் இருந்தாலும் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். பொண்ணு போய்விட்டால் பையன் யாரைக் கட்டிக்கொண்டு ஊரில் இருப்பான்? மேற்குக் கவுண்டிகள் முழுக்கக் கல்யாணமாகாத அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் கிழவர்களானது இப்படித்தான். அதனால் மக்டயர் கொண்டுவந்த ஐந்தில் எது பெரிது என்று கேட்டால் நான் குழாயைச் சொல்வேன். ஆலை மூடினால் மூடட்டும், குழாய் மூடவில்லையே.

*

கணக்குப்பிள்ளை எழுதியது:

அக்கா, தண்ணீர் விஷயத்தில் மறுப்பே இல்லை. ஆனால் குழாய் நாடு முழுக்கப் போனது. சாமியார் இல்லாத ஊருக்கும் போனது.

*

செவிலி அக்கா எழுதியது:

போனது, எத்தனை வருடம் கழித்து? பத்து வருடம் தள்ளிப் போனால் ஒரு தலைமுறைப் பெண்கள் ரயிலேறிவிடுவார்கள். ரயிலும் அப்படித்தான், கில்லிபெக்ஸ் வரை வந்த சின்ன ரயிலை 1959 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். இன்று டொனிகால் கவுண்டி முழுக்க ஊர்ப் போக்குவரத்துக்கு ஒரு ரயில்கூட இல்லை.

*

கேள்விக்கணை (கால்வே) எழுதியது:

எல்லோரும் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறீர்கள், ஒருவராவது எதிர்ப்பக்கம் நிற்க வேண்டாமா?

ஒரு சாமியார் கூப்பிட்டால் ஊரே மண்வெட்டியோடு வந்து நிற்கிறது, மூன்று மாதத்தில் அருங்காட்சியகம் எழும்புகிறது. அழகுதான். அவர் நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டதால் அழகு. அதே காலத்தில் அதே அதிகாரம் வேறு இடங்களில் என்ன செய்தது? ரயன் அறிக்கையும் மர்ஃபி அறிக்கையும் 2009இல் வந்தன. திருச்சபை நடத்திய நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நடந்ததையும், டப்ளின் உயர்மறைமாவட்டம் புகார்களை மூடி மறைத்ததையும் பக்கம் பக்கமாக எழுதின. டொனிகாலின் பெரும்பகுதியை உள்ளடக்கிய ராஃபோ மறைமாவட்டத்திலும் பெரிய அவமானங்கள் நடந்தன. சாமியாரைக் கேள்வி கேட்க ஆள் இல்லாத ஊர்களில்தான் இதெல்லாம் நடந்தது.

மக்டயர் மேல் நான் பழி சொல்லவில்லை. அவரைப் போன்றவர்கள் சங்கிலியில் நல்ல கண்ணிகள். ஆனால் "பங்கு ஊரைக் காப்பாற்றியது" என்று எழுதும்போது, பங்கு ஊரின் வாயைக் கட்டியும் வைத்திருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். டான்ஸ் எப்போது முடிய வேண்டும், யார் யாரோடு பேச வேண்டும், எந்தப் படம் பார்க்கக் கூடாது, எல்லாம் பீடத்திலிருந்து வரும். அக்கா சொன்ன பெண்கள் லண்டனுக்கு ஓடியதில் குழாய்க்கு எவ்வளவு பங்கு, இந்தக் கண்காணிப்புக்கு எவ்வளவு பங்கு?

*

மேற்குத்திசை எழுதியது:

கேள்விக்கணை, நியாயமான கேள்வி. கல்யாணமான பெண் அரசு வேலையில் இருக்கக் கூடாது என்ற விதி 1973 வரை இந்த நாட்டில் இருந்தது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு வேறுபாடு பார்க்கிறேன். பல சாமியார்கள் தங்கள் அதிகாரத்தை வைத்துக் கோவில் கட்டினார்கள். மக்டயர் அதைக் கூட்டுறவுப் பங்குகளாக மாற்றப் பார்த்தார். கூட்டுறவு என்றால் கணக்குக் காட்ட வேண்டும், கூட்டம் போட வேண்டும், உறுப்பினர் எழுந்து நின்று "இது நஷ்டம்" என்று சொல்லலாம். சொன்னார்கள் என்பதுதான் விஷயம். கூட்டுப் பண்ணைக்கு ஊர் தலையாட்டவில்லை. தங்கள் நிலம் தங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். நிலப்பிரபுக்களிடம் குத்தகை கொடுத்தே அழிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள், அந்த நிலத்தை மறுபடியும் பொதுவில் போடு என்றால் எப்படிப் போடுவார்கள்? சாமியார் சொல்லை மீறி நின்ற இடம் அதுதான். எனக்கு அந்த மறுப்பு பிடித்திருக்கிறது. அவருடைய தோல்விகளிலேயே நல்ல தோல்வி அது.

*

ஓட்டைப்படகு (ஸ்லைகோ) எழுதியது:

நீங்கள் சாமியாரைப் பேசுகிறீர்கள். நான் பங்கைப் பேசுகிறேன், இரண்டும் ஒன்றில்லை.

இங்கே கிராமத்தில் "எந்த ஊர்?" என்றால் பலர் பங்கின் பெயரைச் சொல்வார்கள். அதற்குள்ளே டவுன்லேண்ட் என்று குட்டிக் குட்டிப் பிரிவுகள், அயர்லாந்து முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல். 2015இல் ஐர்கோட் என்ற அஞ்சல் குறியீடு வரும் வரை கிராமத்து வீட்டுக்கு எண் கிடையாது, தெருப்பெயர் கிடையாது. பெயர், டவுன்லேண்ட், ஊர், கவுண்டி, அவ்வளவுதான். ஒரே டவுன்லேண்டில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். தபால்காரர் கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்தே எந்த வீடு என்று முடிவு பண்ணுவார். ஊருக்குள் பேசும்போது அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் சேர்த்து "ஜான் பேடி ஜிம்மி" என்பார்கள். நம் இனிஷியல் மாதிரி, ஆனால் முழுசாக.

அப்புறம் விளையாட்டு. கேலிக் கால்பந்தில் நீங்கள் எந்தப் பங்கில் இருக்கிறீர்களோ அந்தக் கிளப்புக்குத்தான் ஆட வேண்டும். காசு கொடுத்து ஆளை வாங்க முடியாது. கிளென்கொலம்கில் பக்கத்துக் கிளப் நெய்வ் கொலம்பா. பக்கத்துப் பங்கு கில்கார். இரண்டும் மோதினால் மாமன் மச்சான் எல்லாம் அன்றைக்கு எதிரி. 1992இல் டொனிகால் டப்ளினைத் தோற்கடித்து முதல் முறையாக அகில அயர்லாந்துக் கோப்பையை வாங்கியபோது கில்காரின் மார்ட்டின் மக்ஹ்யூவும் நெய்வ் கொலம்பாவின் நோயல் ஹெகர்ட்டியும் அணியில் இருந்தார்கள். சில நூறு வீடுகள் இருக்கும் பங்கிலிருந்து ஒருவன் டப்ளினின் பெரிய மைதானமான க்ரோக் பார்க்கில் ஓடுகிறான் என்றால் அந்த ஊர் பத்து வருடம் அதைப் பேசும். இன்னும் பேசுகிறது.

பூசைக்கு வராதவனும் கிளப்புக்கு வருவான். 2011இல் மக்களில் 84 சதவீதம் தங்களைக் கத்தோலிக்கர் என்று குறித்தார்கள், 2022இல் அது 69. கோவில் காலியாகிறது, பங்கு காலியாகவில்லை. அதைத் தாங்குவது இப்போது மைதானமும் சாவு வீடும்தான்.

சாவு வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளூர் வானொலியில் இறந்தவர்கள் பெயரைத் தினமும் வாசிப்பார்கள், அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசக் கூடாது. இணையத்தில் அதற்கென்றே ஒரு தளம் இருக்கிறது, கிழவர்கள் மட்டுமில்லை, முப்பது வயதுக்காரர்களும் காலையில் அதைத்தான் முதலில் திறக்கிறார்கள். வேக் என்று வீட்டிலேயே உடலை வைத்திருப்பார்கள். ஊரே வரிசையில் நின்று கை குலுக்கும். "உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன்" என்ற ஒரே வாக்கியம், ஐந்நூறு பேர் அதையே சொல்வார்கள். அடுப்படியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சாண்ட்விச் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். கார் நிறுத்த இடம் காட்டப் பளபளக்கும் மஞ்சள் சட்டையோடு கிளப் பையன்கள். இதற்கு யாரும் உத்தரவு போடுவதில்லை.

*

கடலோடி (கில்லிபெக்ஸ்) எழுதியது:

நான் மீன் ஆலைப் பக்கத்தில் இருப்பவன், அந்த ஊருக்கு அடிக்கடி போகிறவன். ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். காய்கறி ஆலை மூடியது என்று கதையை முடிக்கிறீர்கள். அந்த ஆலை இருந்த மீனனீரியில் காய்கறிக்குப் பிறகு மீன் பதப்படுத்தும் வேலை வந்தது. கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி அமில மண்ணில் காய்கறி வராது, கடலில் மீன் வரும். கட்டடமும் தண்ணீரும் கரண்டும் வேலை தெரிந்த ஆட்களும் இருந்ததால்தான் அடுத்த தொழில் அங்கே இறங்க முடிந்தது. முதல் யோசனை தோற்றது உண்மை. அது போட்ட அடித்தளம் வீணாகவில்லை.

அப்புறம் அந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் துரஸ் என்ற யாத்திரை போக வேண்டும். புனித கொலம்பா 521இல் டொனிகாலின் கார்ட்டனில் பிறந்தவர், 563இல் ஸ்காட்லாந்தின் அயோனா தீவுக்குப் போனார், 597 ஜூன் 9இல் இறந்தார். அவர் பெயரில்தான் பள்ளத்தாக்கு. அவர் நினைவுநாளில் பதினைந்து நிலையங்களைச் சுற்றி வருவார்கள், கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர். பழைய வழக்கப்படி நள்ளிரவில் தொடங்கி, வெறுங்காலோடு.

நிலையம் என்றால் கட்டடம் எதுவும் கிடையாது. வயலுக்கு நடுவே ஆளுயரக் கல் ஒன்று நிற்கும். அதில் சிலுவையும் பின்னல் கோலங்களும் செதுக்கியிருக்கும், ஆயிரம் வருட மழையில் தேய்ந்து விரலால் தடவினால்தான் கோடு தெரியும். சிலது கற்குவியலின் மேல் குத்தி வைத்த சின்னப் பலகைக்கல். ஒவ்வொன்றையும் வலமாகச் சுற்றிச் செபம் சொல்ல வேண்டும். ஒரு கல்லில் துளை இருக்கும். பாவமில்லாதவன் அதன் வழியே பார்த்தால் சொர்க்கம் தெரியுமாம். எனக்கு ஆடுதான் தெரிந்தது. மேலே சரிவில் கொலம்பாவின் கிணறு. அதற்கு ஏறும்போது மூன்று கற்களைக் கையில் எடுத்துப் போய்க் கிணற்றுப் பக்கத்தில் போட வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் போட்ட கற்கள் இப்போது ஒரு பெரிய மதிலாகவே நிற்கின்றன. கிணறு அதற்குள் ஒளிந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால் முதல் நிலையம் இருப்பது புராட்டஸ்டண்ட் கோவிலின் பக்கத்தில். அயர்லாந்துத் திருச்சபையின் சிறிய கோவில் அது, சுற்றிலும் கல்லறைகள், கீழே கற்களால் கட்டிய பழங்காலச் சுரங்க அறை. கத்தோலிக்க யாத்திரை அதன் வாசலிலிருந்துதான் கிளம்புகிறது. யாரும் எதுவும் சொல்வதில்லை.

பாதை தனியார் வயல்களுக்குள் போகிறது, கவனியுங்கள். வேலி போடலாம், போடவில்லை. மேற்குத்திசை கேட்ட கேள்விக்கு என் பதில் அதுதான். மக்டயர் வருவதற்கு ஆயிரம் வருடம் முன்பிருந்தே இந்த ஊருக்குக் கூட்டாக ஒன்றைச் செய்து பழக்கம்.

*

கேள்விக்கணை எழுதியது:

"எனக்கு ஆடுதான் தெரிந்தது" :) நேர்மையான யாத்ரீகர்.

ஆனால் யாத்திரைக்கு வழிவிடுவதும் ஆலைக்கு முதல் போடுவதும் ஒன்றா? வழிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

*

கடலோடி எழுதியது:

ஆடு வேலி தாண்டிப் பக்கத்து நிலத்துக்குப் போனால் நஷ்டம்தான் நண்பரே. கேட்டை யாராவது திறந்து போட்டுவிட்டுப் போனால் அன்று முழுக்க அதே வேலை.

*

வடக்குவாசல் (மேயோ) எழுதியது:

சாமியார்களின் வெற்றி தோல்வியை அளப்பதென்றால் என் கவுண்டிக்காரர் மோன்சிஞ்ஞோர் ஜேம்ஸ் ஹோரனை எப்படி விடுவது? நாக் என்ற சின்ன ஊரின் பங்குத்தந்தை. அங்கே 1879 ஆகஸ்ட் 21 அன்று கோவிலின் வெளிச்சுவரில் மாதா காட்சி கொடுத்ததாகப் பதினைந்து பேர் சாட்சி சொன்னார்கள். அதன் நூற்றாண்டுக்கு 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்தார். அதற்கு முன்பே ஹோரன் அங்கே பிரம்மாண்டமான பசிலிக்கா கட்டி முடித்திருந்தார். அப்புறம் விமான நிலையம் வேண்டும் என்றார். சதுப்பு மேடு, மூடுபனி, பக்கத்தில் பெரிய நகரம் எதுவும் கிடையாது. டப்ளின் பத்திரிகைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அரசு பாதியில் காசை நிறுத்தியது. உண்டியல், லாட்டரி, அமெரிக்காவில் வசூல் என்று அலைந்து 2,300 மீட்டர் ஓடுபாதையை முடித்தார். 1986 மே மாதம் அதிகாரபூர்வத் திறப்பு. ஆகஸ்ட் முதல் நாள் லூர்து நகரில் யாத்திரையில் இருந்தபோது இறந்துபோனார், உடல் அவர் கட்டிய அதே ஓடுபாதையில் வந்து இறங்கியது.

இன்று அங்கே ஆண்டுக்கு எட்டு லட்சம் பேருக்கு மேல் போய் வருகிறார்கள். கணக்குப்பிள்ளை, முதல் நாளே கணக்குக்கு உதைத்த யோசனைதான் இதுவும்!

*

கணக்குப்பிள்ளை எழுதியது:

உதைத்தது, பிறகு நின்றது. ஏன்? மலிவு விமானங்கள் வந்தன, இங்கிலாந்தில் இருக்கும் மேயோக்காரர்கள் வார இறுதிக்கு வீட்டுக்கு வந்து போகத் தொடங்கினார்கள். அதாவது ஊரை விட்டுப் போனவர்களே வாடிக்கையாளர்கள். போகாமல் தடுக்க நினைத்தவர் மக்டயர், போனவர்கள் வந்து போக வழி செய்தவர் ஹோரன். இரண்டாவதற்குத்தான் சந்தை இருந்தது.

இதைப் பாராட்டாகவே சொல்கிறேன்.

*

மேற்குத்திசை எழுதியது:

இது இந்த இழையிலேயே நல்ல வரி. ஆனால் கிளென்கொலம்கில்லும் கடைசியில் அந்த வழிக்குத்தான் வந்தது பாருங்கள். வெளியாட்களை வரவழைத்தது. 1984இல் லியம் ஓ குன்னகான், ஷோசவ் வாட்சன் என்ற இருவர் ஓதியஸ் கேல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெரியவர்களுக்கு ஐரிஷ் மொழி வகுப்பு. அதுவரை கேல்டாக்டில் கோடை வகுப்பு என்றாலே பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். இவர்கள் வேலைக்குப் போகிறவர்களையும் ஓய்வு பெற்றவர்களையும் வெளிநாட்டுக்காரர்களையும் கூப்பிட்டார்கள். குடியரசுத் தலைவராக இருந்த மேரி மகலீஸும் அங்கே படித்தவர்தான். காலையில் இலக்கணம், மத்தியானம் மலையேற்றமோ நெசவோ நடனமோ, இரவு பப்பில் பாட்டு. ஒரு வாரம் தங்குகிறவர் வீட்டு வாடகை கொடுக்கிறார், கடையில் பால் வாங்குகிறார். உடைந்த ஐரிஷில் கடைக்காரரிடம் வானிலை பேசுகிறார், அவரும் பொறுமையாகப் பதில் சொல்கிறார்.

மக்டயர் தறியையும் கேரட்டையும் வைத்து ஊரை நிறுத்தப் பார்த்தார். ஊர்க்காரர்கள் பலரே வறுமையின் அடையாளம் என்று நினைத்த மொழிதான் இன்று சோறு போடுகிறது. அவர் கட்டிய நாட்டுப்புறக் கிராமமும் அதே வகைதான். அங்கே ஒரு குடிசையில் கடற்பாசியிலும் ஃபியூஷியா பூவிலும் செய்த ஒயின் விற்பார்கள். கடற்பாசி ஒயினைப் பற்றி நான் கருத்துச் சொல்லப் போவதில்லை.

*

செவிலி அக்கா எழுதியது:

குடித்துப் பார்த்தேன். நீங்கள் சொல்லாமல் விட்டது நல்லது.

சுற்றுலா, மொழி எல்லாம் சரி தம்பி, ஆனால் குளிர்காலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நவம்பரில் நான்கரை மணிக்கு இருட்டிவிடும். கோடையில் விளக்கெரிந்த வீடுகளில் பாதி விடுமுறை வீடுகள், பூட்டிக் கிடக்கும். ஊரில் வீடு கட்ட நினைக்கும் உள்ளூர்ப் பையனுக்கு அனுமதி கிடைப்பதும் கஷ்டம், விலையும் கஷ்டம். 2018இல் மட்டும் நாடு முழுக்க 159 தபால் நிலையங்களை மூட முடிவெடுத்தார்கள். தபால் நிலையம் போனால் ஓய்வூதிய நாளில் கிழவர்கள் சந்தித்துக்கொள்ளும் இடமும் போகும். சாமியார்களுக்கும் பஞ்சம். ஒருவரே இரண்டு மூன்று கோவிலுக்கு ஓடுகிறார். அயர்லாந்தின் பல பங்குகளில் இப்போது இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்த சாமியார்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் இங்கிருந்துதான் உலகம் முழுக்க அனுப்பினார்கள்.

நாம் மட்டும் என்ன? 2022 கணக்கில் இந்தியக் குடிமக்கள் 45 ஆயிரத்துக்கு மேல். மருத்துவமனையும் முதியோர் இல்லமும் எங்களை வைத்துத்தான் ஓடுகின்றன. ஆனால் கிளென்கொலம்கில் மாதிரி ஊரில் குடியேறு என்றால் எத்தனை பேர் போவோம்? பிள்ளைகளின் பள்ளி, கணவரின் வேலை, அரிசி வாங்க ஒரு கடை, எல்லாம் பார்ப்போம். மக்டயர் கேட்ட அதே ஐந்து கேள்விகள்தான், கொஞ்சம் வேறு மாதிரி.

*

ஓட்டைப்படகு எழுதியது:

இணையம் வந்த பிறகு சிலர் திரும்பி வருகிறார்கள் அக்கா. கேல்டாக்ட் மேம்பாட்டு ஆணையம் பல ஊர்களில் மேசை வாடகைக்கு விடும் டிஜிட்டல் மையங்கள் திறந்திருக்கிறது. டப்ளின் சம்பளம், டொனிகால் காற்று. எத்தனை வருடம் தாங்கும் என்பது கம்பெனிகள் "ஆபீஸுக்கு வா" என்று எப்போது கூப்பிடுகின்றன என்பதைப் பொறுத்தது.

*

கேள்விக்கணை எழுதியது:

மறுபடியும் வெளியிலிருந்து வரும் முதலும் சந்தையும். மேற்குத்திசையின் முதல் பதிவைத் திரும்பப் படியுங்கள். சாவி ஊரில் இல்லை.

என் கணக்கில் இன்றைய நிலவரம்: கணக்குப்பிள்ளைக்கு ஒரு புள்ளி, அக்காவுக்கு இரண்டு, ஆட்டுக்கு ஒன்று.

*

புதுவரவு (லிமெரிக்) எழுதியது:

முழுசாகப் படித்தேன், நன்றி. ஜூன் 9ஐ ஒட்டிக் குடும்பத்தோடு போகலாம் என்று பார்க்கிறேன். கார் இல்லாமல் முடியுமா? சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தப் பதினைந்து நிலையமும் நடக்க முடியுமா?

*

கடலோடி எழுதியது:

கார் எடுத்து வாருங்கள். பஸ் உண்டு, ஆனால் அதன் நேரத்துக்கு நீங்கள் வாழ வேண்டியிருக்கும். கில்லிபெக்ஸிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். கேரிக்கிலிருந்து இடது பக்கம் பிரிந்தால் ஸ்லீவ் லீக் செங்குத்துப் பாறை, 601 மீட்டர். வானம் தெளிவாக இருந்தால் முதலில் அங்கே போய்விடுங்கள், மறுநாள் தெளிவாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

குழந்தையோடு முழு துரஸ் வேண்டாம். வழியில் ஏறிக் கடக்க வேண்டிய கல்மதில்கள் உண்டு, சேறு கணுக்கால் வரை வரும், தள்ளுவண்டி உருளாது. முதல் இரண்டு மூன்று கற்கள் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, அதைப் பார்த்துவிட்டு நாட்டுப்புறக் கிராமத்துக்குப் போங்கள். பிறகு மாலின் பெக்கில் வெள்ளி மணல் கடற்கரை, இறங்க நூற்றுக்கு மேல் படிகள், ஏறும்போது குழந்தை உங்கள் தோளில்தான். குடை கொண்டுவராதீர்கள், காற்று இரண்டாக மடித்துவிடும். மழைக்கோட்டு போதும். கேட்டைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள்.